‘டீ’ என்றால் வீடு

வட வேல்ஸில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் எனக்கு அது மூன்றாவது வாரம். நைட் டியூட்டி. விடியற்காலை மூன்று மணி இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்திருந்த ஒரு பாட்டி, வயது 88, மறதி நோயும் உண்டு, படுக்கையின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். ஓடிப்போய்த் தோளைத் தாங்கிக்கொண்டேன். ஏதோ வேகமாகச் சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்: ‘டீ’.

தொண்டை வறண்டிருக்கும், டீ கேட்கிறார் என்று நினைத்தேன். போய்ப் போட்டு, பால் ஊற்றி, ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினேன். பாட்டி அதைத் தள்ளிவிட்டார். மறுபடியும் ‘டீ பாஹ், டீ பாஹ்’ என்றார். குரல் உடைந்துபோனது. நான் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் படுக்கை நனைந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

விரிப்பு மாற்ற உதவிக்கு வந்த பெண் உள்ளூர்க்காரர். நடந்ததைக் கேட்டுவிட்டு மெதுவாக விளக்கினார். வெல்ஷ் மொழியில் ‘டீ’ என்றால் வீடு. ‘பாஹ்’ என்றால் குட்டி. ‘டீ பாஹ்’, அதாவது குட்டி வீடு, கழிப்பறைக்கு அவர்கள் சொல்லும் சொல். பாட்டி என்னிடம் மூன்று முறை தெளிவாகக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் காது இல்லாமல் போயிற்று.

அன்று காலை வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை. திருமங்கலத்தில் பிறந்து, மதுரையில் நர்சிங் படித்து, சென்னையில் எட்டு வருடம் வேலை பார்த்து, ஆங்கிலத் தேர்வுகளை எழுதித் தேறி இங்கே வந்தவள் நான். பிரிட்டனுக்கு ஆங்கிலம் போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான் வேலை பார்ப்பது க்வினெத் என்ற வட்டாரத்தில். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே நூற்றுக்கு 64 பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். வேல்ஸ் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை, ஏறக்குறைய 5,38,000 பேர். 1911-ல் அதே நாட்டில் சுமார் 9,77,000 பேர் பேசியிருக்கிறார்கள். இப்போது வேல்ஸ் அரசு 2050-க்குள் பத்து லட்சம் பேரை வெல்ஷ் பேசவைப்பது என்று இலக்கு வைத்திருக்கிறது. 2011-ல் சட்டப்படி ஆட்சிமொழித் தகுதியும் கொடுத்தார்கள். சாலைப் பலகையிலிருந்து மருத்துவமனைக் கடிதம்வரை எல்லாம் இரண்டு மொழியில் இருக்கும். வெல்ஷ் பேசத் தெரிந்த ஊழியர்கள் ஆரஞ்சு நிறச் சின்னம் ஒன்றைச் சட்டையில் குத்தியிருப்பார்கள். அந்த வார்டுக்குள் அத்தனை நாள் நடமாடியும் அந்தச் சின்னம் எதற்கென்று நான் கேட்டதில்லை.

இங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். அந்தப் பாட்டிக்கும் தெரிந்திருந்தது, ஐம்பது அறுபது வருடம் பேசியிருப்பார். மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவிப்போய், தாய்மொழி மட்டும் தங்குவது சிலருக்கு நடக்கும். முதியோர் வார்டில் வேலை பார்ப்பவர்கள் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டின் மூத்த நர்ஸ்களில் ஒருவர், பர்மிங்காம்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். இங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் எனக்கு அவர் மனதுக்குள் அக்காதான். வந்த புதிதில் எனக்கு வங்கிக் கணக்குத் திறந்து கொடுத்தவர், குளிர்கோட்டு வாங்கக் கூடவே வந்தவர். கணவர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து 22 வருடம் ஆகிறது. வெல்ஷில் அவருக்குத் தெரிந்தது ‘போரெ டா’ (காலை வணக்கம்), ‘டியோல்ஹ்’ (நன்றி), அப்புறம் சாலையில் பெரிதாக எழுதியிருக்கும் ‘அராவ்’. மெதுவாகப் போ என்று அர்த்தம்.

பாட்டி விஷயத்தை அவரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். நான் வெல்ஷ் வகுப்பில் சேரப் போகிறேன் என்றதும் ஆச்சரியப்பட்டார். “எல்லாருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே, உனக்கு ஏன் இந்தச் சுமை?” என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் அதைச் சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும் என்றால், அந்த எல்லாரும் எப்போதோ சிரமப்பட்டுக் கற்றிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அதற்குப் பிறகு கேன்டீனில் கவனிக்க ஆரம்பித்தேன். நான்கு பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்காவோ நானோ தட்டோடு போய் உட்கார்ந்ததும் நான்கு பேரும் ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாக நடக்கும். பாதிப் பேச்சில் வேறு மொழிக்குத் தாவினால் சொல்ல வந்த கதை கொஞ்சம் மெலியும் என்பது தமிழில் பேசி வளர்ந்த எனக்குத் தெரியும். அக்காவுக்கு அது நடப்பதே கண்ணில் பட்டதில்லை. 22 வருடமாக அவர் உட்கார்ந்த ஒவ்வொரு மேசையிலும் யாரோ அவருக்காக இறங்கி வந்திருக்கிறார்கள். இதை ஒருநாள் பக்குவமாகச் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுவாரம், தானும் வகுப்புக்கு வருவதாகச் சொன்னார்.

வாரம் ஒருநாள், இரண்டு மணி நேரம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஒரே மொழியோடு வளர்ந்தவர்கள் இன்னொரு மொழி கற்கும்போது எங்கே இடறுகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன். இலக்கணத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். போகப்போகத்தான் புரிந்தது, அவர்கள் இடறியது பயத்தில்.

சென்னையில் வேலை பார்த்தபோது ஆந்திராவிலிருந்து நோயாளிகள் வருவார்கள், கேரளத்திலிருந்து, கொல்கத்தாவிலிருந்து வருவார்கள். தெலுங்கில் ‘நொப்பி எக்கட?’ என்று கேட்கக் கற்றேன். மலையாளத்தில் ‘எவிடெயா வேதனை?’ வங்காளத்தில் ‘கொத்தாய் ப்யேத்தா?’ எதுவும் சரியான உச்சரிப்பு கிடையாது. நோயாளி சிரிப்பார், திருத்துவார், அப்புறம் வலிக்கிற இடத்தைக் காட்டுவார். பிழையாகப் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன ஒன்று. ஆங்கிலத்தையும் அப்படித்தான் கற்றேன்.

அக்காவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. மூச்சுத் திணறும் நோயாளியின் பக்கத்தில் கை நடுங்காமல் நிற்கிறவர், வகுப்பில் ‘எனக்கு மழை பிடிக்காது’ என்று சொல்லக் கழுத்துவரை சிவந்துபோவார். வாக்கியத்தை முதலில் தாளில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதார். “பெரியவளான பிறகு நான் இப்படி முட்டாளாக உணர்ந்ததே இல்லை” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வயதுவரை ஒரு மனுஷி இந்த உணர்வே இல்லாமல் வாழ முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி. நம்மில் யாருக்கும் அந்த வசதி கிடைப்பதில்லை. பத்து வயதிலேயே ஆங்கில டீச்சர் முன்னால் நின்று இதையெல்லாம் முடித்துவிடுகிறோம்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இன்னொரு மொழி கற்க வேண்டுமா என்று என்னை யாராவது கேட்டால், அந்தக் கார் நிறுத்துமிடம்தான் நினைவுக்கு வரும். கற்க வேண்டும் என்பதே என் பதில். சரளமாகப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. தான் பேசும்போது எதிரில் இருப்பவர் எவ்வளவு பாரம் சுமக்கிறார் என்பது, தானும் ஒருமுறை சுமந்தால்தான் தெரியும். அதற்குப் பிறகு அக்கா பிலிப்பைன்ஸிலிருந்து வந்த புது நர்ஸிடம் பேசுவதைப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தார். பர்மிங்காம் வட்டார வழக்குகளை விட்டுவிட்டார். அந்தப் பெண் சொல் தேடும்போது குறுக்கே புகுந்து முடித்து வைக்காமல் காத்திருந்தார். இதற்கெல்லாம் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் நடக்கவில்லை.

மொழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது. வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்தே மாறும். பக்கத்து நகரத்தின் பெயர் பாங்கோர். ‘பாங்கோரில்’ என்று சொல்ல ‘அம் மாங்கோர்’. ‘பாங்கோருக்கு’ என்றால் ‘ஈ வாங்கோர்’. ஒரே ஊர், ப, ம, வ என்று மூன்று முகம். வகுப்பில் பலர் இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைத்தார்கள். எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. மரம், மரத்தை, மரக்கிளை என்று நாம் சொல்லின் வாலை மாற்றுகிறோம், இவர்கள் தலையை மாற்றுகிறார்கள். ‘பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி’ என்று எழுதி அக்காவுக்கு விளக்கினேன். “அப்படியானால் இது வெல்ஷ்காரர்கள் மட்டும் செய்கிற கொடுமை இல்லையா?” என்று கேட்டார். வாயில் சொற்கள் வழுக்கிக்கொண்டு போக ஏற்பட்ட வழி என்றேன். அவருக்கு அது உதவியது. மாறும் விதிகளை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, முழு வாக்கியங்களாகக் காதில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

இன்னொன்று ‘டி’யும் ‘ஹி’யும். நமக்கு நீ, நீங்கள் போலவே. நீங்கள் என்பது மரியாதைக்கும் வரும், பலரைக் குறிக்கவும் வரும். வெல்ஷிலும் ‘ஹி’ அப்படியே. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு கிடையாது. யாருக்கு எதைச் சொல்வது என்று அக்கா திண்டாடினார். என்னிடம் கேட்டார். நான் அம்மாவை நீ என்பேன், அப்பாவை நீங்கள் என்பேன், இரண்டு பேர்மீதும் பாசம் ஒன்றுதான் என்றேன். அதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தார். தன் மொழியில் இல்லாத ஒரு நெருக்கம், ஒரு தூரம், இன்னொரு மொழியில் இருக்கிறது என்று அவர் முதன்முதலாக உணர்ந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் எனக்குப் படித்துத் தெரியவந்த சரித்திரம். 1846-ல் வேல்ஸ் பள்ளிகளை ஆராய லண்டனிலிருந்து மூன்று ஆணையர்களை அனுப்பினார்கள். மூன்று பேருக்கும் வெல்ஷ் தெரியாது. வெல்ஷ் மட்டும் பேசுகிற பிள்ளைகளிடம் போய்ப் பார்த்துவிட்டு, இந்த மொழி கல்விக்கும் ஒழுக்கத்துக்கும் தடை என்று எழுதினார்கள். 1847-ல் வெளியான அந்த அறிக்கையின் அட்டை நீலம். ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்று அதை இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த நூற்றாண்டில் பல பள்ளிகளில் ‘வெல்ஷ் நாட்’ என்று ஒரு மரத்துண்டு இருந்தது. வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் மாட்டுவார்கள். இன்னொரு பிள்ளை வெல்ஷ் பேசுவதை அந்தப் பிள்ளை பிடித்தால், அதன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். பள்ளி முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. வகுப்பில் இதை ஆசிரியர் சொன்னபோது மற்றவர்கள் பழங்கதையாகக் கேட்டார்கள். நான் படித்த ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம், அதைக் குறித்துவைக்க ஒரு மாணவத் தலைவி. அன்று நான்தான் அந்த வகுப்பில் அதிக நேரம் பேசினேன், அதுவும் தட்டுத்தடுமாறி வெல்ஷில்.

அக்காவுக்கும் எனக்கும் நடைமுறையில் பலன் கொடுத்தவை சில உண்டு. எவரும் எந்த மொழிக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில், எந்த மொழி என்பதைப் பணத்தையோ பேசுவோர் எண்ணிக்கையையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். அக்காவின் மகன் ஸ்பானியம் படித்தால் வேலை கிடைக்குமா, சீனம் படித்தால் கிடைக்குமா என்று கணக்குப் போட்டு, கடைசியில் எதுவும் படிக்கவில்லை. இந்த வாரம் யாரிடம் அதைப் பேசப் போகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர், மருமகளின் அம்மா, தினமும் பார்க்கிற கடைக்காரர், இப்படி ஒரு முகம் தெரிய வேண்டும். லெஸ்டரில் குஜராத்தியாக இருக்கலாம், பிராட்ஃபோர்டில் உருதுவாக இருக்கலாம், லண்டன் ஈஸ்ட்ஹாமில் தமிழாகவே இருக்கலாம்.

நேரக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் நல்லது. ஆங்கிலம் பேசும் தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க அமெரிக்க அரசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வேலைக்குத் தேவையான அளவு ஸ்பானியமோ பிரெஞ்சோ வர ஏறக்குறைய 600 முதல் 750 வகுப்பு மணி. தமிழ், இந்தி, ருஷ்யம் போன்றவற்றுக்கு 1,100. அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் என்றால் 2,200. அக்கா பள்ளியில் ஐந்து வருடம் பிரெஞ்சு படித்தவர், வாரம் இரண்டு மணி என்றால் மொத்தம் நானூறு மணிகூட வராது. ‘எனக்கு மொழி வராது, அது ரத்தத்திலேயே இல்லை’ என்று முப்பது வருடமாக நம்பியிருந்தார். தாளில் பெருக்கிக் காட்டினேன். பாதி தூரம் போனதும் இறக்கிவிட்ட பஸ்ஸை நினைத்து, தனக்கு நடக்கத் தெரியாது என்று முடிவு செய்திருக்கிறார். இங்கிலாந்தில் 2004-லிருந்து 14 வயதுக்கு மேல் வேற்றுமொழி கட்டாயமும் இல்லை, ஆகவே இன்றைய பிள்ளைகளில் பலர் அந்தப் பாதி தூரமும் போவதில்லை.

பாடப் புத்தகம் ‘என் பெயர் இது, என் ஊர் இது’ என்று தொடங்கும். உங்கள் நாளுக்கு என்ன வேண்டுமோ அதிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் இருவரும் ஒரு தாளில் இருபது வாக்கியம் எழுதிக்கொண்டோம். ‘வலி இருக்கிறதா?’, ‘எங்கே?’, ‘டீ பாஹ் போக வேண்டுமா?’, ‘இதோ வந்துவிட்டேன்’, ‘பயப்படாதீர்கள்’. உள்ளூர் உதவியாளரைச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டோம். ஊர் வழக்கில் சொல்லச் சொன்னது முக்கியம். வடக்கே பாலுக்கு ஒரு சொல், தெற்கே இன்னொன்று. வடக்கே பாட்டி ‘நைன்’, தெற்கே ‘மாம்கீ’. புத்தகச் சொல்லை மறதி நோய் உள்ள ஒருவரிடம் சொன்னால் அவர் முகம் வெறுமையாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவுவது. நீங்கள் தடுமாறுவதைப் பார்த்ததும் இரக்கத்தில் தாவிவிடுவார்கள். ஆங்கிலம் பேசுபவர் மொழி கற்காமல் போக இந்த அன்பும் ஒரு காரணம். இதற்கு அக்கா கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். சாலையில் 22 வருடமாகப் பார்த்த ‘அராவ்’ என்ற சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டார். ‘அராவாஹ்’ என்றால் இன்னும் மெதுவாக. யார் ஆங்கிலத்துக்கு மாறினாலும் சிரித்துக்கொண்டே “வெல்ஷிலேயே, அராவாஹ்” என்பார். கற்பவர் என்று காட்டுகிற சின்னம் ஒன்றும் கிடைக்கும், அதையும் குத்திக்கொண்டார். கேன்டீனில் ஒரு தோழியிடம், செவ்வாய்க்கிழமை மட்டும் என்ன ஆனாலும் ஆங்கிலம் பேசக்கூடாது என்று ஒப்பந்தம். ஒரே ஒரு ஆள், வாரத்தில் ஒரே நாள். எல்லாரிடமும் பேசிப்பார்த்துத் தோற்பதைவிட இது நிலைத்தது.

கைபேசிச் செயலியில் அவர் 200 நாள் விடாமல் பழகினார். சொற்கள் சேர்ந்தன. ஆனால் கேள்வி கேட்டால் பதில் வாயில் வராது, ஏனென்றால் திரையில் தொட்டுத்தானே பழக்கம். எனக்கு உதவியது காது. 1977-லிருந்து ஒலிபரப்பாகும் ரேடியோ கம்ரி என்ற வெல்ஷ் வானொலியைச் சமையல் செய்யும்போது ஓடவிடுவேன். முதல் இரண்டு மாதம் வெறும் சத்தம். மூன்றாம் மாதம் வானிலை அறிக்கை புரிந்தது. எஸ் ஃபோர் சி (S4C) என்ற வெல்ஷ் தொலைக்காட்சியையும் பார்ப்பேன். அந்த அலைவரிசைக்காக க்வின்வோர் எவன்ஸ் என்ற அரசியல்வாதி 1980-ல் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார், அரசு இறங்கிவந்தது, 1982-ல் ஒளிபரப்பு தொடங்கியது. மொழிக்காக உயிரைப் பணயம் வைப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு நான் எங்கள் ஊர் 1965-ஐச் சொல்லி விளக்கினேன்.

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நாண்ட் க்வர்தெயர்னுக்குப் போய்த் தங்கிப் படித்தோம். மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு, கல் உடைக்கும் தொழிலாளர்கள் குடியிருந்த ஊர். குவாரி மூடியதும் ஊரே காலியாகிவிட்டது. கார்ல் க்ளோஸ் என்ற டாக்டர் முன்னின்று 1978-ல் அதை வாங்கி, மொழி கற்கும் இடமாக மாற்றினார்கள். அந்த ஐந்து நாளில் அக்கா கற்றது முந்தைய ஆறு மாதத்தில் கற்றதைவிட அதிகம். இரவுச் சாப்பாட்டு மேசையில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். உப்பு வேண்டுமென்றால்கூட வெல்ஷில் கேட்டாக வேண்டும். முடிந்தால் இப்படி ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் படிப்பதற்கு இடையில் அது ஒரு நல்ல மழை.

இரண்டாம் மொழி மறதி நோயைத் தள்ளிப்போடும் என்று நிறையப் பேர் காரணம் சொல்வார்கள். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை வைத்துச் செய்து 2013-ல் வெளியான ஆய்வில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை வருடம் தாமதமாக வந்தது தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்வதில்லை. மேலும், அந்த நோயாளிகள் வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று என்று ஆயுள் முழுவதும் பேசி வாழ்ந்தவர்கள், மாலை வகுப்புக்குப் போய் வந்தவர்கள் அல்ல. அதனால் மூளைக்கு மருந்து என்று நினைத்து மொழி கற்க வராதீர்கள். மருந்து என்று எடுத்துக்கொண்டதை நாம் எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோம் என்பது ஒரு நர்ஸாக எனக்கு நன்றாகத் தெரியும்.

மொழிபெயர்க்கும் போன் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். ரயில் நேரம் கேட்க, மருந்துச் சீட்டு படிக்க அது உதவும், நானும் பயன்படுத்துகிறேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பயந்துபோன ஒருவரின் முகத்துக்கு முன்னால் அதை நீட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் போனைப் பார்க்கமாட்டார், நம் கண்ணைத்தான் பார்ப்பார்.

அக்காவுக்கு ஒரு மனக்குறை ரொம்ப நாளாக இருந்தது. இங்கே குடியேறிய இங்கிலாந்துக்காரர்கள் பலர் சொல்வதுதான்: ‘நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் வேண்டுமென்றே வெல்ஷுக்கு மாறிவிடுகிறார்கள்.’ இரண்டாம் வருடம் ஒருநாள் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றபோது, முன்னால் இருந்தவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. யாருடைய நாயோ சினையாக இருந்த கதை. அவர் உள்ளே வருவதற்கு முன்பே தொடங்கிய கதை, அவர் வந்ததால் எதுவும் மாறவில்லை. வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். “என்னைப் பற்றி எதுவுமே பேசவில்லை. 22 வருடமும் இப்படித்தான் ஏதோ நாயைப் பற்றிப் பேசியிருப்பார்கள், இல்லையா?” என்றார். குரல் தழுதழுத்தது. ஒரு ஊர் தன்னை வெளியே நிறுத்தியிருக்கிறது என்ற எண்ணத்தோடு அவர் அத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டீ கேட்ட பாட்டி, நான் அப்படித்தான் இன்னும் அவரைச் சொல்லிக்கொள்கிறேன், நான் நாலு வாக்கியம் கற்பதற்குள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அவரிடம் கேட்க வேண்டியதை மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வலி என்பதற்கு வெல்ஷ் சொல்லின் முதல் எழுத்து ‘வலி இருக்கிறதா’ என்று கேட்கும்போது மென்மையாகிவிடும். நம் எழுத்தில் இரண்டும் ‘ப’தான், காட்ட முடியாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த மென்மையை நாக்கில் கவனித்துச் சொல்வேன்.

போன மாதம் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். அம்மா வீடியோ காலில் வந்தாள். ஒரு வாரமாக என்னிடம் கேட்டுப் பயிற்சி செய்து வைத்திருந்த வாக்கியத்தை அக்கா போனைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சாப்ட்டீங்களா அம்மா?” அம்மா பதறிப்போய், தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் இரண்டைத் தேடி எடுத்து, “யெஸ், யெஸ், ஈட்டிங் ஓவர்” என்றாள். 

அக்கா தலையை ஆட்டிச் சிரித்தார். “அம்மா, தமிழ். மெதுவா” என்றார்.

“நீ தமிழ்லயே சொல்லும்மா, அவங்களுக்குப் புரியும்” என்றேன் நான்.

அம்மா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, “சாப்ட்டேன் தாயி. நீ சாப்ட்டியா?” என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினார். கண் விரிந்திருந்தது. “நீ என்றார்களே. ‘டி’ தானே அது?” என்று கேட்டார்.